உஷார்! கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சட்டம் படிக்கிறீர்களா? படிக்கப் போகிறீர்களா? பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைக்க நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பிவிட்டீர்களா?

கொஞ்சம் நில்லுங்கள்.

பட்டம் வாங்கிவிட்டால் வக்கீல் ஆகிவிடலாம் என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆக முடியாது. பார் கவுன்சிலில் பெயர் ஏறினால்தான் வக்கீல். பெயரை ஏற்றுவதற்கு முன் உங்கள் படிப்பு முழுவதையும், பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்ப்பார்கள். எங்கேயாவது ஒரு படி விடுபட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

“நின்னா நிக்கட்டும், ஒரு ரிட் போட்டு ஆர்டர் வாங்கிக்கலாம்” என்று தைரியம் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. அந்தப் பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பார் கவுன்சில் தப்புச் செய்தால் கோர்ட் தட்டிக் கேட்கும். படிப்பிலேயே தப்பு இருந்தால் கோர்ட்டும் கைவிரித்துவிடும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் பணம், நிலம், வயது மூன்றையும் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒருவருக்கு நடந்தது

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் சிட்டை எழுதுகிற தம்பி. பெயர் வேண்டாம். அந்தக் குடும்பம் பட்டது போதும்.

அப்பா தவறிய வருடம் பத்தாவதோடு படிப்பு நின்றது. கேரளா லோடு ஏறி முடிகிற வரைக்கும் மண்டியில் கணக்கு. மிச்ச நேரத்தில் புத்தகம். பிளஸ் டூ எழுதவில்லை. அது இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு முன்தயாரிப்புப் படிப்பை முடித்துவிட்டு நேராக பி.ஏ. சேரலாம் என்றார்கள். சேர்ந்தார், தேறினார். படிப்பில் அவர் குறை வைத்ததே இல்லை. அதுதான் மனசைப் பிசைகிறது.

பிறகு ஒரு ஏஜென்ட் வந்தார். பக்கத்து மாநிலத்தில் மூன்று வருட சட்டப் படிப்பு. “நீங்க தினமும் போக வேண்டாம். பரீட்சைக்கு மட்டும் வாங்க. அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்.” அம்மா முருங்கைத் தோட்டத்தில் அரை ஏக்கரை விற்றார். பையன் வக்கீல் ஆனால் ஒரு ஏக்கராக வாங்கிவிடலாம் என்ற கணக்கு.

பட்டம் வந்தது. திண்டுக்கல்லில் கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் வரிசையாகப் போட்டுக்கொண்டு பழனி வண்டியில் சென்னைக்குப் போனார். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற பார் கவுன்சில் அலுவலகம். அங்கே இருந்தவர் பத்தாவது மார்க் ஷீட்டைப் பார்த்தார். அடுத்த கவரைத் திருப்பினார். பி.ஏ. பட்டம். மறுபடி பின்னால் திருப்பினார்.

“பிளஸ் டூ எங்க தம்பி?”

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச அவரிடம் தாள் இல்லை.

ஊருக்கு வந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மதுரைக் கிளையில் ரிட் மனு. வக்கீல் பீஸுக்கு அம்மாவின் கம்மல். வாய்தா மேல் வாய்தா. கடைசியில், விதி தெளிவாக இருக்கிறது, தலையிட முகாந்திரம் இல்லை என்று மனு தள்ளுபடி.

ஏஜென்டின் போன் அப்போதே ஸ்விட்ச் ஆஃப்.

இன்றைக்கும் அந்தத் தம்பி மண்டியில்தான் இருக்கிறார். “வக்கீல் சார், தக்காளி இன்னிக்கு என்ன விலை?” என்று கூட இருப்பவர்கள் விளையாட்டாகக் கேட்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே விலை சொல்கிறார். அந்த வீட்டு அம்மாவுக்கு மட்டும் அது விளையாட்டாகத் தெரியவில்லை.

கோர்ட் ஏன் கை கொடுக்கவில்லை?

இந்திய பார் கவுன்சில் 2008-ல் சட்டக் கல்வி விதிகளைக் கொண்டுவந்தது. அதில் 5-வது விதியின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டப் படிப்பில் சேரவே தகுதியில்லை. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: பிளஸ் டூவையோ பட்டத்தையோ தபால் வழியில் படித்திருந்தால் பரவாயில்லை. ஆகவே, தபாலில் படித்தது குற்றமில்லை. படியைத் தாண்டிக் குதித்ததுதான் பிரச்சினை.

2009-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே, இதே மாதிரிப் பட்டத்தை வைத்துச் சட்டம் படித்தவர்கள் என்ரோல்மென்ட் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கேயும் விதிதான் நின்றது.

அடியில் அழுகலை வைத்து மேலே நல்ல தக்காளியாக அடுக்கின பெட்டி மாதிரிதான் இது. மார்க்கெட்டுக்குள் வந்து கவிழ்க்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கவிழ்த்தபிறகு மேலே இருந்ததுக்கும் விலை கிடையாது.

கீழ்க் கோர்ட்டில் ஜெயித்துவிட்டாலும் நிம்மதி இல்லை. ஒடிசாவில் ஒரு பட்டதாரிக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் படித்த கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் இல்லை. என்ரோல்மென்ட் மறுத்தார்கள். உயர் நீதிமன்றம் போனார், 2012 செப்டம்பரில் அவருக்குச் சாதகமாக உத்தரவும் வந்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2023 ஜூன் மாதம் அந்த உத்தரவையே ரத்து செய்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல்! வாழ்க்கையில் பாதியைத் தீர்ப்புக்காகக் காத்திருந்தே கழிக்க முடியுமா கண்ணு?

கோர்ட் எப்போது காப்பாற்றும்?

இதைச் சொல்லாவிட்டால் பாவம். சட்டப் பட்டதாரிகள் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த வழக்குகளும் உண்டு. 45 வயதைத் தாண்டியவர்களை என்ரோல் செய்யக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் ஒரு விதி போட்டது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. 2024 ஜூலை 30 அன்று, மாநில பார் கவுன்சில்கள் இஷ்டத்துக்கு வசூலித்த என்ரோல்மென்ட் கட்டணம் சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், கடைசி வருட மாணவர்களையும் அகில இந்திய பார் தேர்வு எழுத விடச் சொன்னது.

இந்த மூன்றிலும் மனுப் போட்டவர்கள் பக்கம் காகிதம் சரியாக இருந்தது. சட்டத்தை மீறியது எதிர்த்தரப்பு. அதனால் ஜெயித்தார்கள்.

உங்கள் பக்கம் காகிதம் சரியாக இருக்கிறதா? இப்போதே பாருங்கள். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் ஆபத்துதான்.

ஆபத்து 1: பத்து, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசை உடைந்திருக்கிறது

பத்தாவது, பிளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம், அதற்குப் பிறகுதான் மூன்று வருட சட்டம். பிளஸ் டூவில் ஃபெயிலாகி, அதை விட்டுவிட்டுப் பட்டத்துக்குத் தாவியிருந்தால் உஷார். பட்டம் முடித்த பிறகு பிளஸ் டூவை எழுதித் தேறியிருந்தாலும் உஷார். பத்தாவதுக்குப் பின் டிப்ளமோ படித்தவர்களும் “எல்லாம் ஒண்ணுதான்” என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். சேருவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சட்டக் கல்லூரியில் சீட் கொடுத்துவிட்டார்களே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். சேர்த்துக்கொள்வது கல்லூரி. சரிபார்ப்பது பார் கவுன்சில்.

ஆபத்து 2: “அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்”

இந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். இந்த மாதிரிக் கல்லூரிகளுக்கு வக்கீல்கள் வைத்திருக்கும் பெயரே லெட்டர் பேடு காலேஜ். லெட்டர் பேடு மட்டும் இருக்கும், வகுப்பு இருக்காது. விதிப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் சட்டக் கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப்பதிவும் கேமராவும் வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. மண்டியில் சம்பளம் வாங்கிய அதே நாளில் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகப் பதிவு இருந்தால், அதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஆபத்து 3: “அப்ரூவல் சீக்கிரம் வந்துடும்”

வந்த பிறகு சேருங்கள். இந்திய பார் கவுன்சில் ஒப்புதல் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனி. எந்தப் படிப்புக்கு, எத்தனை பேருக்கு, எந்தக் கல்வியாண்டு வரை என்று இருக்கும். போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம். வாசலில் தொங்குகிற பேனரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

ஆபத்து 4: தபால் வழி சட்டப் படிப்பு

பி.ஜி.எல். என்று ஒன்று உண்டு. சட்டம் தெரிந்துகொள்ளப் படிக்கலாம், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். வக்கீலாக முடியாது. பட்டப் படிப்பைத் தபாலில் முடிக்கலாம், சட்டத்தை மட்டும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். “இதுவும் லாதான் சார்” என்று விற்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

ஆபத்து 5: வேலையை மறைப்பது

முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவர் பிராக்டீஸ் செய்யக் கூடாது. இது பார் கவுன்சில் விதி. இன்னொரு தொழிலை விடாமல் வக்கீலாகவும் இருக்கலாம் என்று மும்பையில் ஒரு டாக்டர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996-ல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அரசு வேலையில் இருந்துகொண்டு பெயரை மட்டும் பதிந்து வைக்கலாம் என்று நினைத்தால், வேலைக்கும் ஆபத்து, என்ரோல்மென்டுக்கும் ஆபத்து. ஒரே நேரத்தில் இரண்டு ரெகுலர் படிப்பு படிப்பதற்கும் தடை இருக்கிறது.

ஆபத்து 6: கேஸ் இருப்பதைச் சொல்லாமல் விடுவது

கோயில் திருவிழாவில் ஒரு கைகலப்பு. கல்லூரி நாளில் ஒரு மறியல். எஃப்.ஐ.ஆர். போட்டது நினைவிலேயே இருக்காது. ஆனால் ஸ்டேஷனில் இருக்கும். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர், விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆகும்வரை என்ரோல் ஆக முடியாது என்கிறது வழக்கறிஞர் சட்டத்தின் 24ஏ பிரிவு. தண்டனையே இல்லாமல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல் வரலாம். 2015-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன், கிரிமினல் வழக்கு நிலுவையில் உள்ளவர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று, சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்து உத்தரவிட்டார்.

ஆகவே இருப்பதைச் சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் வாதாட இடம் இருக்கும். மறைத்துப் பெயர் ஏறினால், 26-வது பிரிவின்படி பிறகு எப்போது வேண்டுமானாலும் பெயரை நீக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

ஆபத்து 7: “இங்க முடியலையா? வேற ஸ்டேட்ல போட்டுக்கலாம்”

இதுதான் இருப்பதிலேயே பெரிய வலை. ஒரு மாநிலம் மறுத்தால், மறுத்தவரின் பெயர், முகவரி, தகுதி, காரணம் எல்லாவற்றையும் மற்ற எல்லா மாநில பார் கவுன்சில்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மறுத்த கவுன்சிலின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் இந்திய பார் கவுன்சிலின் சம்மதமும் இல்லாமல் வேறு மாநிலம் அந்த விண்ணப்பத்தைத் தொடவே கூடாது. முன்னது 26-வது பிரிவு, பின்னது 27-வது பிரிவு. “ஆள் இருக்கு” என்கிறவர் உங்களை வக்கீலாக்கவில்லை. குற்றவாளி ஆக்குகிறார்.

ஆபத்து 8: என்ரோல்மென்டுக்கே ஆயிரக்கணக்கில் கேட்பது

சட்டத்தில் உள்ள கட்டணம் 750 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை இருந்தால் அது தனி. ஒடிசாவில் ஒரு காலத்தில் 42,100 ரூபாய் வரை வசூலித்தார்கள். 2024 தீர்ப்புக்குப் பிறகு அதெல்லாம் முடிந்த கதை. “விருப்பக் கட்டணம்” என்ற பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லிவிட்டது. நடுவில் ஒருவர் கவர் கேட்டால் அது கட்டணமில்லை. ரசீது கேட்டுப் பாருங்கள், ஆள் காணாமல் போவார்.

ஆபத்து 9: கோட்டுப் போட்டாச்சு, இனி யார் கேட்பது?

கேட்பார்கள். பெயர் பதிவானாலும் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தேர்வு செல்லும் என்று உறுதி செய்துவிட்டது. பொதுப் பிரிவுக்கு 45 சதவீத மதிப்பெண், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம். இரண்டு ஆண்டுக்குள் தேறாவிட்டால் பிராக்டீஸ் நிற்கும்.

அதோடு முடியவில்லை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே வக்கீலாக இருக்கிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைத்தது. பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்காமல் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பத்து வருடம் பிராக்டீஸ் செய்தவருக்கும் இது பொருந்தும். போலிப் பட்டம் என்று வந்துவிட்டால் மோசடி வழக்கு, பெயர் நீக்கம், ஊரில் தலைகாட்ட முடியாத நிலை.

தாமதத்துக்கும் விலை உண்டு

“எப்படியும் ஒரு வருஷம் இழுத்து ஆர்டர் வந்துடும்” என்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு பிராக்டீஸ் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மூன்று ஆண்டும், பார் தேர்வில் தேறுவதற்கு முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவின் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். பட்டத் தேதியிலிருந்து இல்லை. உங்கள் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கிற ஒவ்வொரு மாதமும் கூடப் படித்தவர் உங்களை முந்திப் போய்க்கொண்டே இருப்பார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா?

பதறாதீர்கள். ஆனால் தாமதமும் செய்யாதீர்கள்.

மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். மாநில பார் கவுன்சில் மறுக்க நினைத்தால், காரணத்தோடு இந்திய பார் கவுன்சிலின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். 26-வது பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அப்படி அனுப்பினார்களா என்று கேளுங்கள். அனுப்பாமலே கோப்பை முடக்கி வைத்திருந்தால், அப்போது கோர்ட்டுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

மனு போடுமுன் ஒரு நல்ல வக்கீலிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “என் காகிதத்தில் ஓட்டை இருக்கா, அவங்க நடைமுறையில் ஓட்டை இருக்கா?” காகிதத்தில்தான் என்று அவர் சொன்னால் அந்த வழக்குச் செலவை மிச்சம் பிடியுங்கள். “எல்லாம் பார்த்துக்கலாம், அட்வான்ஸ் குடுங்க” என்றால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

பெயர் ஏறும்வரை கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போகாதீர்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பைக்கில் வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். உரிமையில்லாமல் பிராக்டீஸ் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, 45-வது பிரிவு. ஒட்டன்சத்திரம் கோர்ட்டாக இருந்தாலும் உச்ச நீதிமன்றமாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

அடுத்த அட்மிஷனுக்கு முன்

வீட்டில் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால் இதைச் செய்யுங்கள். பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி சான்றிதழ்களைத் தேதி வரிசையில் மேசைமேல் பரப்புங்கள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் ஒப்புதலை இந்திய பார் கவுன்சிலில் சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் கேள்வி அனுப்புங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நம் பக்கத்தில் மதுரையிலும் தேனியிலும் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. கவுன்சலிங்கில் அங்கே கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கட்டணமும் குறைவு. பிள்ளையும் உண்மையாகவே வகுப்பில் உட்காரும்.

பிளஸ் டூ இல்லையென்றால் முதலில் பிளஸ் டூவை எழுதித் தேறுங்கள். அதற்குப் பிறகு டிகிரி, அதற்குப் பிறகு சட்டம். வயதாகிவிட்டது என்று குறுக்கு வழி தேட வேண்டாம். நாற்பத்தைந்து தாண்டினாலும் என்ரோல் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றமே வழி திறந்து வைத்திருக்கிறது.

தெரிந்தவர் வீட்டில் யாராவது ஏஜென்டிடம் அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டால், நமக்கென்ன என்று இருக்காதீர்கள். பணம் கை மாறுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.